பழைய ஆக்டேவியா ஆர்எஸ், பிஎம்டபிள்யூ எம்340ஐ வாங்கப் போறீங்களா? அட்வான்ஸ் கொடுக்கும் முன் என்னவெல்லாம் பார்க்கணும்?

2017-ல் இந்தியாவுக்கு வந்த ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ், 2 லிட்டர் டர்போ பெட்ரோல் இன்ஜினில் 230 குதிரைத்திறன் கொடுத்தது. 2021 மார்ச்சில் பிஎம்டபிள்யூ எம்340ஐ வந்தபோது அதன் ஷோரூம் விலை 62.9 லட்சம் ரூபாய். 3 லிட்டர், 6 சிலிண்டர், 387 குதிரைத்திறன். நிற்கிற இடத்திலிருந்து 100 கி.மீ. வேகத்தை 4.4 நொடியில் தொடும் என்றது நிறுவனம். இந்த கார் செங்கல்பட்டு பக்கத்தில் மஹிந்திரா வேர்ல்ட் சிட்டியில் உள்ள பிஎம்டபிள்யூ ஆலையில்தான் அசெம்பிள் ஆகிறது.

புதுசா வாங்க முடியாதவர்கள் இப்போது இந்த கார்களை செகண்ட் ஹேண்ட் மார்க்கெட்டில் தேடுகிறார்கள். சில வருஷம் ஓடிய கார் என்றால் பல லட்சம் குறைவாகக் கிடைக்கும். ஒரு சாதாரண புது எஸ்யூவி வாங்குற காசுக்கு, ஆக்சிலரேட்டரை அழுத்தினால் முதுகு சீட்டில் ஒட்டுகிற மாதிரி ஒரு செடான் கிடைக்கிறது என்றால் யாருக்குத்தான் ஆசை வராது?

ஆனால் விலை குறையுமே தவிர, பராமரிப்புச் செலவு குறையாது. 60 லட்சம் ரூபாய் காரை 40 லட்சத்துக்கு வாங்கினாலும், அதோட பிரேக் டிஸ்க், டயர், கியர் பாக்ஸ் எல்லாம் 60 லட்சம் ரூபாய் காரோட விலையில்தான் வரும். தப்பான காரை எடுத்துவிட்டால், மிச்சம் பிடித்த காசு ஒரே ஒரு ரிப்பேரில் போய்விடும்.

சாதாரண பழைய கார் வாங்குவதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

மாருதி டிசையரோ ஹோண்டா அமேஸோ வாங்கும்போது, முந்தைய ஓனர் ஆபீஸுக்கும் கோயிலுக்கும் போய் வந்திருப்பார் என்று நம்பலாம். பெர்ஃபாமன்ஸ் கார் அப்படி இல்லை. அதை வாங்கியவர் வேகமாக ஓட்டத்தான் வாங்கியிருப்பார். அதில் தப்பு ஒன்றும் இல்லை. வேகமாக ஓட்டினாரா என்பதைவிட, இன்ஜின் சூடாகும் முன்பே மிதித்தாரா, ஆயில் நேரத்துக்கு மாற்றினாரா, இன்ஜினில் கை வைத்தாரா என்பதுதான் முக்கியம். 80,000 கி.மீ. ஓடி, ஒழுங்காக சர்வீஸ் பார்த்த கார், 25,000 கி.மீ. மட்டுமே ஓடி மூன்று பேர் கை மாறிய காரைவிட எவ்வளவோ மேல்.

வீட்டிலிருந்தே பார்க்கக்கூடியது என்ன?

காரை நேரில் பார்க்கப் போவதற்கு முன் வண்டி நம்பரை மட்டும் கேட்டு வாங்குங்கள். அதைக் கொடுக்கவே தயங்குகிறார் என்றால் அதோடு விட்டுவிடலாம். பரிவாகன் இணையதளத்திலோ எம்-பரிவாகன் செயலியிலோ நம்பரைப் போட்டால், பதிவு செய்த தேதி, எத்தனையாவது ஓனர், இன்சூரன்ஸ் எதுவரை, கடன் இருக்கிறதா, பிளாக் லிஸ்ட்டில் இருக்கிறதா என்பது வரும். "சிங்கிள் ஓனர் சார்" என்று விளம்பரத்தில் போட்டு, ஆர்.சி.யில் மூன்றாவது ஓனர் என்று இருக்கிற கார்கள் நிறைய. திருட்டு வண்டியா என்று பார்க்க, தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் 'வாகன் சமன்வய்' சேவை இருக்கிறது.

அடுத்து இ-சலான் தளம். கட்டாத அபராதம் எவ்வளவு என்று பார்க்கத்தான் எல்லோரும் போவார்கள். ஆனால் அங்கே இன்னொரு தகவலும் இருக்கிறது. அந்த கார் எந்த ரோட்டில், எந்த நேரத்தில் ஓவர் ஸ்பீடில் மாட்டியிருக்கிறது என்று பாருங்கள். "வீக் எண்ட் மட்டும்தான் எடுப்பேன், மெதுவாத்தான் ஓட்டுவேன்" என்று சொல்பவரின் காருக்கு ஒரே ரோட்டில் ஆறு ஸ்பீடு சலான் இருந்தால், புரிந்துகொள்ள வேண்டியதுதான்.

பலர் கவனிக்காத இன்னொன்று, பழைய இன்சூரன்ஸ் பாலிசி. அதில் 'நோ கிளெய்ம் போனஸ்' எத்தனை சதவீதம் என்று போட்டிருக்கும். ஒரு வருஷம் கிளெய்ம் இல்லை என்றால் 20 சதவீதம், பிறகு 25, 35, 45, ஐந்து வருஷம் தொடர்ந்து இல்லை என்றால் 50. காருக்கு ஐந்து வயசு, அதே ஓனர், பாலிசியில் போனஸ் பூஜ்யம் என்றால், சமீபத்தில் ஏதோ ஒரு கிளெய்ம் நடந்திருக்க வாய்ப்பு அதிகம். பாலிசியை 90 நாளுக்கு மேல் புதுப்பிக்காமல் விட்டிருந்தாலும் போனஸ் போய்விடும். அதனால் உடனே விபத்து கார் என்று முடிவு கட்ட வேண்டாம், காரணம் கேளுங்கள். அதேபோல, போனஸ் பாதுகாப்பு ஆட்-ஆன் எடுத்திருந்தால் கிளெய்முக்குப் பிறகும் சதவீதம் குறையாமல் இருக்கலாம்.

சர்வீஸ் ஹிஸ்டரியை ஓனர் காட்டும் பில் கட்டோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். ஓனரையே கூட்டிக்கொண்டு அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டருக்குப் போய், சேஸி நம்பரை வைத்து முழு ரெக்கார்டையும் கேளுங்கள். எந்த தேதியில், எத்தனை கி.மீ.யில், என்ன மாற்றினார்கள் என்று இருக்கும். ஆயில் மாற்றிய இடைவெளியை முதலில் பாருங்கள். டர்போ இன்ஜினுக்கு ஆயில்தான் எல்லாம். ரெக்கார்டு திடீரென்று 40,000 கி.மீ.யோடு நின்றுவிட்டால், அதற்குப் பிறகு கார் எங்கே போனது என்ற கேள்விக்கு பில்லோடு பதில் வர வேண்டும். வெளியே நல்ல ஸ்பெஷலிஸ்ட் ஷெட்டில் பார்த்திருந்தால் தப்பில்லை, ஆனால் எந்த கிரேடு ஆயில் என்று எழுதிய பில் வேணும்.

இன்ஜின் ஏன் குளிர்ந்திருக்கணும்?

காலையில், முதல் தடவை ஸ்டார்ட் பண்ணும்போது நீங்கள் அங்கே இருக்க வேண்டும். "நான் வர்ற வரைக்கும் ஸ்டார்ட் பண்ணாதீங்க" என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். போனதும் பானெட் மேல் கை வையுங்கள். சூடாக இருந்தால், எதையோ மறைக்க முன்பே ஓட்டி வைத்திருக்கலாம். இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லிக் கிளம்பினால் நஷ்டம் ஒன்றும் இல்லை.

ஸ்டார்ட் ஆன முதல் இரண்டு, மூன்று நொடிதான் முக்கியம். பழைய ஸ்கோடா லாரா, இரண்டாம் தலைமுறை சூப்பர்ப் கார்களின் 1.8 டிஎஸ்ஐ இன்ஜினில், டைமிங் செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் பலவீனமாகும் பிரச்சினை உண்டு. முதல் சில நொடி கடகடவென்று ஒரு சத்தம் வந்து நின்றுவிடும். நின்றுவிட்டதே என்று விடக்கூடாது. செயின் பல் தாண்டினால் வால்வும் பிஸ்டனும் மோதும், இன்ஜினே போய்விடும். அதே தலைமுறை இன்ஜின்களில் பிஸ்டன் ரிங் காரணமாக ஆயில் குடிக்கும் பிரச்சினையும் உலகம் முழுக்கப் பேசப்பட்டது. "ரெண்டு சர்வீஸுக்கு நடுவுல எவ்வளவு ஆயில் டாப் அப் பண்றீங்க?" என்று பேச்சோடு பேச்சாகக் கேளுங்கள். பதில் பட்டென்று வந்துவிடும்.

ஆக்டேவியா ஆர்எஸ்-ல் இருப்பது இதற்கு அடுத்த தலைமுறை இன்ஜின். செயின் கவலை குறைவு. ஆனால் தெர்மோஸ்டாட், வாட்டர் பம்ப் இரண்டும் சேர்ந்த பிளாஸ்டிக் ஹவுசிங்கில் கூலன்ட் கசியும். டார்ச் அடித்துப் பாருங்கள், காய்ந்த கூலன்ட் இளஞ்சிவப்புப் படிவமாக ஒட்டியிருக்கும்.

எம்340ஐ-ல் இருக்கும் பி58 இன்ஜினுக்கு நல்ல பெயர். என்றாலும் ஆயில் ஃபில்டர் ஹவுசிங் பக்கம் கசிவு இருக்கிறதா, கூலன்ட் அளவு சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். இதில் ஆயில் பார்க்க டிப் ஸ்டிக் கிடையாது. இன்ஜின் சூடான பிறகு டச் ஸ்கிரீன் மெனுவில்தான் அளவு காட்டும். அது தெரியாத மெக்கானிக்கை கூட்டிப் போனால், ஸ்டிக்கைத் தேடிக்கொண்டே இருப்பார்.

புகையைப் பாருங்கள். நீலமாக வந்தால் ஆயில் எரிகிறது. வெள்ளைப் புகை குளிர் காலையில் கொஞ்ச நேரம் வருவது சகஜம், இன்ஜின் சூடான பிறகும் இனிப்பு வாசனையோடு வந்தால் கூலன்ட் உள்ளே போகிறது. ஓட்டும்போது டர்போவிலிருந்து மெல்லிய விசில் வரலாம். சைரன் மாதிரி ஊளையிட்டால் அது வேற விஷயம்.

எல்லா டிஎஸ்ஜி-யும் ஒன்றா?

இல்லை. இங்குதான் நிறைய பேர் குழம்புகிறார்கள்.

ஆக்டேவியா 1.8 டிஎஸ்ஐ ஆட்டோமேட்டிக்கில் இருப்பது 7 கியர், உலர் கிளட்ச் டிஎஸ்ஜி. டிகியூ200 என்று பெயர். வர்ட்டஸ் ஜிடி, ஸ்லாவியா 1.5 ஆட்டோமேட்டிக்கிலும் அதே குடும்பம்தான். ஆனால் 2017 ஆக்டேவியா ஆர்எஸ்-ல் இருப்பது 6 கியர், ஆயிலில் மூழ்கிய ஈரக் கிளட்ச் டிகியூ250. இரண்டுக்கும் பேட்ஜ் ஒன்று, குணம் வேறு.

உலர் கிளட்ச் மாடலை நம் ஊர் டிராஃபிக் படுத்தும். அரை அடி நகர்ந்து, நின்று, மறுபடி நகர்ந்து என்று போகும்போது கிளட்ச் பாதி பிடித்தும் பிடிக்காமலும் தேய்கிறது. கூடவே 'மெகாட்ரானிக்' என்ற, கியரைக் கட்டுப்படுத்தும் ஹைட்ராலிக்-எலெக்ட்ரானிக் பகுதியும் சூட்டில் பாதிக்கப்படும். 2013-ல் இந்த கியர் பாக்ஸுக்காக ஃபோக்ஸ்வேகன் உலக அளவில் சுமார் 16 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்து, உள்ளே இருந்த சிந்தெடிக் ஆயிலை மாற்றி மினரல் ஆயில் ஊற்றியது. வெப்பமான நாடுகளில், நின்று நின்று போகும் டிராஃபிக்கில் மின் கோளாறு வரலாம் என்பதுதான் காரணம். சென்னைக்காரர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

அதனால் டெஸ்ட் டிரைவை காலியான இ.சி.ஆரில் மட்டும் முடித்துவிடாதீர்கள். வேகத்தில் எல்லா டிஎஸ்ஜி-யும் வெண்ணெய் மாதிரிதான் போகும். சாயங்காலம் ஆறு மணிக்கு ஓ.எம்.ஆரிலோ ஜி.எஸ்.டி. ரோட்டிலோ அரை மணி நேரம் ஊர்ந்து பாருங்கள். முதல் கியரிலிருந்து இரண்டு, மூன்றுக்குப் போகும்போது உதறுகிறதா? பிரேக்கை விட்டதும் நகரத் தயங்கி, திடீரென்று தாவுகிறதா? ரிவர்ஸ் போட்டதும் டொக் என்று அடிக்கிறதா? கியர் இண்டிகேட்டர் ஒரு தடவையாவது மின்னியதா? இதில் ஒன்று இருந்தாலும், ரிப்பேர் செலவை விசாரித்துவிட்டுத்தான் விலை பேச வேண்டும்.

ஈரக் கிளட்ச் டிகியூ250-க்கு 60,000 கி.மீ.க்கு ஒருமுறை ஆயிலும் ஃபில்டரும் மாற்ற வேண்டும். அதற்கான பில் இருக்கிறதா என்று கேளுங்கள். "கியர் ஆயில் லைஃப் டைம் சார்" என்று பதில் வந்தால், மாற்றவில்லை என்று அர்த்தம்.

எம்340ஐ-ல் இருப்பது இரண்டு கிளட்ச் கியர் பாக்ஸ் அல்ல, டார்க் கன்வெர்ட்டர் உள்ள 8 கியர் இசட்எஃப் ஆட்டோமேட்டிக். டிராஃபிக்கை நன்றாகத் தாங்கும். ஆனால் நான்கு சக்கரத்துக்கும் விசை போகும் எக்ஸ்டிரைவ் அமைப்பு அதில் இருக்கிறது. டயர்கள் வேறு வேறு கம்பெனியாகவோ, பாதி புதுசு பாதி தேய்ந்ததாகவோ இருந்தால், சக்கரங்களின் சுற்றளவு மாறி டிரான்ஸ்ஃபர் கேஸுக்குச் சுமை ஏறும். எனவே இந்த காரில் கலப்பு டயர் என்பது அழகு சம்பந்தப்பட்ட விஷயம் இல்லை.

ரீமேப் பண்ணிய காரா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

இந்த வகை கார்களில் மிகப் பெரிய கேள்வி இதுதான். லேப்டாப்பை மாட்டி, இன்ஜின் கம்ப்யூட்டரில் மென்பொருளை மாற்றினால், டர்போ அழுத்தம் கூடி பவர் ஏறிவிடும். 'ஸ்டேஜ் 1' என்பார்கள். வெளியிலிருந்து பார்த்தால் ஒரு அடையாளமும் தெரியாது. விற்கும் முன் பழைய மென்பொருளையே திரும்ப ஏற்றிவிட்டு "கம்ப்ளீட் ஸ்டாக் சார்" என்று சொல்வதும் நடக்கிறது.

ரீமேப் என்றாலே மோசம் என்று சொல்ல முடியாது. நல்ல டியூனர் செய்து, ஆயில், பிளக் எல்லாம் குறுகிய இடைவெளியில் மாற்றி வந்த கார்கள் நன்றாக ஓடுகின்றன. பிரச்சினை, அதைச் சொல்லாமல் மறைப்பதில்தான். உதாரணத்துக்கு ஆக்டேவியா 1.8 டிஎஸ்ஐ-யை எடுங்கள். கம்பெனி கொடுத்த டார்க் 250 நியூட்டன் மீட்டர். அதில் இருக்கும் உலர் கிளட்ச் கியர் பாக்ஸின் தாங்கும் அளவும் அதே 250தான். ரீமேப் செய்தால் டார்க் 300-ஐத் தாண்டும். இன்ஜின் தாங்கிவிடும், கியர் பாக்ஸ் ஒவ்வொரு தடவையும் தன் அளவுக்கு மேல் இழுத்துக்கொண்டிருக்கும். முந்தைய ஓனர் இரண்டு வருஷம் அனுபவித்துவிட்டு, மறுபடி ஸ்டாக் ஆக்கி விற்றால், கிளட்ச் பில் உங்கள் தலையில் விழும்.

கண்டுபிடிக்கச் சில வழிகள் உண்டு. ஃபோக்ஸ்வேகன், ஸ்கோடா கார்களில் இன்ஜின் கம்ப்யூட்டர் எத்தனை முறை மறுபதிவு செய்யப்பட்டது என்ற எண்ணிக்கையை தகுந்த ஸ்கேனரில் பார்க்கலாம். கம்பெனி சர்வீஸ் சென்டர் சிஸ்டத்தில் மாற்றப்பட்ட மென்பொருள் கண்டுபிடிக்கப்பட்டிருந்தால், 'டிடி1' என்ற குறியீடு அந்த காரின் ரெக்கார்டில் ஏறியிருக்கும். அது ஏறிவிட்டால் இன்ஜின், கியர் பாக்ஸ் வாரன்டி கேட்பது சிரமம். பானெட்டைத் திறந்தால், ஏர் ஃபில்டர் பெட்டியில் ஸ்க்ரூ தலை தேய்ந்திருக்கிறதா, ஹோஸ் கிளிப்புகள் கம்பெனி கிளிப்பா வெளி கிளிப்பா, ஸ்பார்க் பிளக் கம்பெனி சொன்ன நம்பரா என்று பாருங்கள். கீழே போய் எக்ஸாஸ்ட் குழாயில் புது வெல்டிங் இருக்கிறதா என்று பாருங்கள். கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரையே எடுத்துவிட்டு 'டவுன் பைப்' போட்டிருக்கலாம்.

சட்டப் பக்கமும் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவின்படி, தயாரிப்பாளர் கொடுத்த விவரத்துக்கு மாறாக வாகனத்தை மாற்றக்கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. மாற்றிய உரிமையாளருக்கு 182ஏ பிரிவில் ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். ரோட்டில் நிறுத்திக் கேட்கும்போது "பழைய ஓனர் போட்டது சார்" என்று சொல்லி நழுவ முடியாது, வண்டி உங்கள் பெயரில் இருக்கும். விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கம்பெனியும் இதைக் காரணம் காட்டலாம்.

மீட்டர் உண்மையா?

டிஜிட்டல் மீட்டரை யாரும் தொட முடியாது என்று நினைப்பது தப்பு. தொட முடியும். ஆனால் நவீன காரில் கி.மீ. கணக்கு மீட்டரில் மட்டும் இருப்பதில்லை. வேறு சில கம்ப்யூட்டர் யூனிட்களிலும் பதிவாகும். மீட்டரை மாற்றியவர் எல்லாவற்றையும் மாற்ற மறந்திருப்பார். அதனால்தான் 500 ரூபாய் புளூடூத் கருவி போதாது. ஃபோக்ஸ்வேகன் குழும கார்களுக்கு விசிடிஎஸ், பிஎம்டபிள்யூவுக்கு இஸ்டா போன்ற மென்பொருள் வைத்திருக்கும் ஷெட்டுக்குக் கொண்டுபோய் எல்லா யூனிட்டையும் ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள். இதற்கு ஆகிற சில ஆயிரம் ரூபாய் இந்த மொத்த வேலையில் மிகவும் லாபமான செலவு.

ஸ்கேனில் ஒரு கோளாறும் இல்லை என்று வந்தால் சந்தோஷப்படும் முன், 'ரெடினஸ் மானிட்டர்' நிலையைப் பாருங்கள். பழைய எரர்களை அழித்தால் இந்தச் சோதனைகள் எல்லாம் 'முடியவில்லை' என்று மாறிவிடும், பிறகு கொஞ்ச தூரம் ஓட்டினால்தான் முழுமையாகும். பல மானிட்டர்கள் முடியாமல் இருந்தால், நேற்றோ இன்று காலையோ யாரோ எரரை அழித்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

கீழே போய்ப் பாருங்கள்

லிஃப்டில் ஏற்றாமல் இந்த கார்களை வாங்கவே கூடாது. உயரம் குறைவான கார்கள், நம் ஊர் ஸ்பீடு பிரேக்கர்கள் ஒவ்வொன்றும் ஒரு விதம். அடிப்பக்க பிளாஸ்டிக் கவர் கிழிந்திருப்பது சகஜம், ஆயில் சம்ப்பில் அடி இருந்தால் விசாரிக்கணும்.

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2321 என்றால் 2021-ம் ஆண்டின் 23-வது வாரம் தயாரானது. காருக்கு நான்கு வயசு, டயருக்கு ஒரு வயசு, மீட்டரில் 18,000 கி.மீ. என்றால் கணக்கு உதைக்கிறது. உள்பக்க ஓரம் மட்டும் தேய்ந்திருந்தால் அலைன்மென்ட்டோ சஸ்பென்ஷனோ சரியில்லை. பள்ளத்தில் விழுந்து அலாய் வீல் உள்பக்கம் வளைந்திருப்பது வெளியிலிருந்து தெரியாது, 80-100 கி.மீ. வேகத்தில் ஸ்டீயரிங் நடுங்கும்போது தெரியும். பிரேக் டிஸ்க்கில் குறைந்தபட்ச தடிமன் அச்சிடப்பட்டிருக்கும், மெக்கானிக்கை அளந்து பார்க்கச் சொல்லுங்கள். எம்340ஐ போன்ற காரில் நான்கு டயரும் மாற்றினாலே ஒரு லட்சத்தைத் தாண்டிவிடும் என்பதால், இவை எல்லாம் பேரம் பேச உதவும் விஷயங்கள்.

விபத்து, வெள்ளம்: எப்படித் தெரியும்?

பெயின்ட் தடிமன் அளக்கும் கருவியைக் கொண்டு போங்கள். கம்பெனி பெயின்ட் பெரும்பாலும் 80 முதல் 150 மைக்ரான் வரை இருக்கும். ஒரு கதவு மட்டும் 250 காட்டினால் மறுபெயின்ட். 500, 1000 என்று ஏறினால் உள்ளே பட்டி வைத்திருக்கிறார்கள். பம்பர் மறுபெயின்ட் ஆகியிருப்பதை யாரும் பெரிதாக எடுக்க வேண்டாம், சென்னையில் ஓடிய காரில் அது இல்லாவிட்டால்தான் ஆச்சரியம். கூரை, தூண்கள், டிக்கி அடித்தளம் ஆகிய இடங்களில் டிங்கரிங் வேலை தெரிந்தால் விலகிவிடுங்கள். சாவியைத் திருப்பியதும் ஏர்பேக் விளக்கு எரிந்து சில நொடியில் அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால் அதுவும் ஆபத்துதான், பல்பைத் துண்டித்திருக்கலாம்.

2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் சென்னையில் எத்தனையோ கார்கள் தண்ணீரில் நின்றன. ரிப்பேர் செலவு காரின் காப்பீட்டு மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டினால் இன்சூரன்ஸில் 'டோட்டல் லாஸ்' ஆக முடிப்பார்கள். அப்படி முடித்த கார்கள் ஏலத்தில் போய், கழுவித் துடைத்து, வேறு ஊரில் மறுபடி விற்பனைக்கு வருவதுண்டு. சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள், கடைசி ஒரு அடியில் சேற்றுக் கறை இருக்கும். சீட்டுக்கு அடியில் உள்ள போல்ட்டில் துரு, டிக்கி பள்ளத்தில் மண், கார்ப்பெட்டைத் தூக்கினால் ஈர வாசனை. ஏசியை ஆஃப் செய்து, கண்ணாடியை ஏற்றிவிட்டு ஐந்து நிமிடம் உள்ளே உட்காருங்கள். பெர்ஃப்யூம் வாசனை அளவுக்கு மீறி அடித்தாலும் சந்தேகப்படலாம். எலெக்ட்ரானிக்ஸ் நிறைந்த இந்த கார்களில் தண்ணீர் பாதிப்பு உடனே தெரியாது, ஒரு வருஷம் கழித்து ஒவ்வொரு கனெக்டராகத் துருப்பிடித்துத் தெரியும்.

புதுச்சேரி, டெல்லி நம்பர் கார் வாங்கலாமா?

வரி குறைவு என்பதால் புதுச்சேரி பதிவெண்ணில் சொகுசு கார்கள் நிறைய உண்டு. டெல்லியில் பழைய டீசல், பெட்ரோல் கார்களுக்கு வயது வரம்புக் கெடுபிடி வந்ததால், அங்கிருந்தும் மலிவாக வருகின்றன. வாங்கத் தடையில்லை. ஆனால் வேறு மாநிலப் பதிவு வாகனத்தை 12 மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருந்தால், சட்டம் 47-வது பிரிவின்படி இங்கு மறுபதிவு செய்ய வேண்டும். அதற்கு அங்குள்ள ஆர்.டி.ஓ.விடம் என்.ஓ.சி. வாங்கணும், தமிழ்நாட்டில் சாலை வரி கட்டணும். விலை உயர்ந்த காருக்கு அந்த வரி லட்சங்களில் வரும். மூன்று லட்சம் மலிவு என்று வாங்கி, அதைவிட அதிகமாக வரி கட்டியவர்கள் இருக்கிறார்கள். காரைப் பார்க்கும் முன்பே உங்கள் ஏரியா ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் எவ்வளவு வரும் என்று கேட்டு, அதை விலையோடு கூட்டிப் பாருங்கள்.

பணம் கொடுக்கும்போதும், பெயர் மாற்றும்போதும்

டோக்கன் அட்வான்ஸ் கொடுத்தால், ஸ்கேனில் பிரச்சினை வந்தால் முழுப் பணமும் திரும்ப வரும் என்று வாட்ஸ்அப்பிலாவது எழுதி வாங்குங்கள். காரில் கடன் இருந்தால், பணத்தை ஓனரிடம் கொடுத்து "நீங்க கட்டிடுங்க" என்று விடாமல், நேராக அந்தக் கடன் கணக்குக்கே செலுத்துங்கள். பேங்க் என்.ஓ.சி.யும், கையெழுத்திட்ட 35-ம் படிவமும் வந்தால்தான் ஆர்.சி.யில் கடன் நீங்கும்.

பெயர் மாற்றத்துக்கு 29, 30-ம் படிவங்கள். மாநிலத்துக்குள் என்றால் விற்பவர் 14 நாளில் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும், வாங்குபவர் 30 நாளில். கையெழுத்துப் போட்ட வெற்றுப் படிவத்தை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு, மாதக்கணக்கில் ஓட்டுவது இங்கே பழக்கமாகிவிட்டது. 2018-ல் உச்ச நீதிமன்றம், ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பான உரிமையாளர் என்று தெளிவாகச் சொன்னது. விற்பவருக்கு அந்த ஆபத்து. உங்களுக்கு வேறு ஆபத்து. கார் வாங்கிய 14 நாளில் இன்சூரன்ஸை உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். மூன்றாம் நபருக்கான காப்பீடு தானாக உங்களுக்கு வரும், ஆனால் உங்கள் காருக்கு வரும் சேதத்துக்கான காப்பீடு அப்படி வராது. பெயர் மாற்றாமல் இருபதாவது நாள் காரை இடித்தால், 40 லட்சம் ரூபாய் காருக்கு ஒரு ரூபாய்கூட வராமல் போகலாம். முந்தைய ஓனரின் நோ கிளெய்ம் போனஸும் உங்களுக்கு வராது, அதனால் பிரீமியம் கூடும்.

டீலரிடம் வாங்கினால், அவர் ஆர்.டி.ஓ. அங்கீகாரம் பெற்றவரா என்று கேளுங்கள். 2023 ஏப்ரல் 1 முதல் இதற்கான விதிகள் அமலில் இருக்கின்றன. தனிநபரிடம் வாங்கினால் ஜி.எஸ்.டி. கிடையாது. டீலருக்கும் கார் விலை முழுவதற்கும் அல்ல, அவருடைய லாபத்துக்கு மட்டும்தான் 18 சதவீதம். மொத்த விலைக்கும் 18 சதவீதம் என்று யாராவது பில் போட்டால் கேள்வி கேளுங்கள்.

ஆக்டேவியா தேடுபவர்களுக்கு ஒரு விஷயம். 2023-ல் அதன் விற்பனை இந்தியாவில் நிறுத்தப்பட்டது. 2025-ல் ஆர்எஸ் மாடல் மட்டும் 100 கார்கள் இறக்குமதியாகி, 49.99 லட்சம் ரூபாய்க்கு வந்தது. 2020-ல் வந்த ஆர்எஸ்245 வெறும் 200 கார்கள்தான். எனவே பாடி பாகங்கள், ஹெட்லைட் போன்றவற்றுக்குக் காத்திருக்க வேண்டி வரலாம், வாங்கும் முன் உங்கள் ஊர் சர்வீஸ் சென்டரில் விசாரித்து வையுங்கள். கார் விலையில் பத்து, பதினைந்து சதவீதத்தை முதல் வருஷச் செலவுக்குத் தனியாக எடுத்து வைக்க முடியாது என்றால், ஒரு படி கீழே உள்ள காரைப் பார்ப்பது நல்லது. வர்ட்டஸ் ஜிடி 150 குதிரைத்திறன்தான், ஆனால் அதன் பாகங்கள் இன்றைக்கும் கடையில் கிடைக்கின்றன.

சாவி இரண்டும் கைக்கு வந்ததா என்று பாருங்கள். பழைய ஓனரின் ஃபாஸ்டேக்கை அவர் மூடிய பிறகு புதுசு எடுங்கள். காரை போனில் இணைக்கும் செயலி இருந்தால், அதிலிருந்து அவருடைய கணக்கை உங்கள் எதிரிலேயே நீக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் நீங்கள் கார் எங்கே நிறுத்தியிருக்கிறீர்கள் என்பது அவர் போனில் தெரிந்துகொண்டே இருக்கும்.